பூட்டிய பெயர்

புதுப் பொருளுக்குப் பெயர் கண்டுபிடிக்கிற மென்பொருள் ஒன்றை எழுதியிருக்கிறேன். பொருள் எப்படிப்பட்டது என்று இரண்டு மூன்று சொற்களில் சொன்னால் போதும். அசைகளை உடைத்து, ஒட்டி, வாயில் நுழைகிற மாதிரி பெயர்களைக் கொட்டும். யாராவது ஏற்கெனவே வைத்த பெயரா, எங்காவது கெட்ட வார்த்தையா என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இதற்காக நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தேன். மேலாளரோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன் என்பதை மறைப்பானேன். இந்த மாதத்துக்குள் ஒரு வாடிக்கையாளராவது வராவிட்டால் அதே மேலாளர் முன்னால் போய்ப் பல்லிளிப்பதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மாதமோ முடியப் போகிறது.

அலுவலகம் என்று நாங்கள் பீற்றிக்கொள்வது சாவிக் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையை. கீழே சாவி அறுக்கும் இயந்திரம் கிறீச்சிட்டால் பேச்சை நிறுத்தி, அது ஓய்ந்ததும் தொடர வேண்டும். கணக்கு, தொலைபேசி, தேநீர் எல்லாம் அக்கா வீட்டுக்காரர் பொறுப்பு. அத்தான் தங்கமான மனிதர், கை மட்டும் சும்மா இருக்காது.

அன்று காலை தலையணைத் தொழிற்சாலை நடத்துகிற அம்மா ஒருவர், கக்கத்தில் ஒரு தலையணையோடு படியேறி வந்தார்.

"இதுல தலைய வச்சா உடனே தூக்கத்துல கண்ணு சொக்கும். பேரும் அப்படி இருக்கணும்," என்றார்.

தூக்கம், மென்மை, அமைதி என்று தட்டிவிட்டு, பெருமை பிடிபடாமல் திரையை அவர் பக்கம் திருப்பினேன். கொர்மட்டு, மெத்தட்டன், தூங்ஙோ, அமுக்குளி என்று வந்து நின்றன.

"அமுக்குளி," என்று வாய்விட்டுப் படித்தார் தலையணைக்காரம்மா. "தூக்கத்துல நெஞ்சு மேல ஏறி உக்காருமே, அந்தப் பேய் மாதிரி இருக்கேம்மா."

மறுபடி தட்டினேன். இன்னும் மோசம். காதெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு. இப்படி நடக்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு. ஒருவருக்குக் காட்டிய பெயரை என் மென்பொருள் அவர் பேரிலேயே பூட்டிவிடும். அவராக விடுவித்தால் ஒழிய அடுத்தவர் கண்ணில் காட்டாது. வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருவதற்குள் பெயர் பறிபோகக் கூடாதே என்று நான் வைத்த விதி அது. ஆக, நல்ல பெயர்களையெல்லாம் யாரோ பூட்டியிருக்கிறார்கள். எங்களிடம்தான் இன்னும் ஓர் ஆள்கூட வரவில்லையே.

அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். பளபளவென்றிருந்த கோப்பையை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்."

"சாப்பிட்டதும் சும்மா ஒரு தட்டு தட்டுவேன்," என்றார் கோப்பையிடம். "தினமும்."

"ஊர்ல வேற பொருளே இல்லையா? தூக்கம்தான் கெடச்சுதா?"

"இரு, விடுவிச்சுடறேன்," என்று கணினி முன் உட்கார்ந்து, தான் பூட்டிய பட்டியலை வரவழைத்து ஒவ்வொரு பூட்டாகத் திறந்தார். பெயர்கள் வந்தன. எல்லாம் அருமையான பெயர்கள், என் பிள்ளைகள். தலையணைக்காரம்மாவின் முகம் மலர்ந்தது. அத்தானின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், "நிறுத்துங்க," என்றார். "துயினி. இதுதான். இதக் குடுங்க, எங்க மெத்தை, போர்வை எல்லாத்துக்குமே நீங்களே பேர் வச்சுடுங்க."

நான் குதிக்காத குறை. அத்தான் கை அப்படியே நின்றது.

"இது மட்டும் வேணாங்க," என்றார்.

"ஏன்?"

அத்தான் என்னைத்தான் பார்த்தார். "பொறக்கப் போற புள்ளைக்குன்னு தட்டினேன். நல்லாத் தூங்கற புள்ளையா இருக்கணும்னு கேட்டேன். இது வந்துச்சு. உன் அக்காகிட்டகூட இன்னும் சொல்லல."

அக்காவுக்கு இது எட்டாம் மாதம். கீழே இயந்திரம் கிறீச்சிட்டது, மூவரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். எந்தப் பூட்டையும் திறக்கிற கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. அத்தானின் நாற்காலியைத் தள்ளிவிட்டு அதை அடிக்க வேண்டும் போலிருந்தது. இந்த மனிதர் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று பற்றிக்கொண்டு வந்தது. கூடவே, அவர் மேல் அவ்வளவு பாசமும் பொங்கியது. சத்தம் நின்றது.

"இது அவர் பேர்ல பூட்டின பேருங்க. அவர் விடாம நான் எடுத்துத் தர முடியாதுங்க," என்றேன்.

"முடியாதா, மாட்டியா?"

"முடியும். ஆனா மாட்டேன்."

தலையணைக்காரம்மா தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மேலாளரின் சிரிப்பு எனக்குக் கண்முன் தெரிந்தது.

"நாளைக்கு நான் ஒரு பேரைப் பூட்டி வைக்கறேன். என்னைவிடப் பெரிய கம்பெனி வந்து கேட்டா?"

"இதே பதில்தாங்க."

"போன வருஷம் பேர் வச்சுத் தர்ற ஒருத்தர்கிட்ட ஆசையா ஒரு பேரச் சொல்லி வச்சுட்டு வந்தேன். மறுவாரம் எங்க எதிர்க்கடைப் பெட்டியில அச்சாகி இருக்கு." தலையணையை நாற்காலியில் போட்டு, அதன் மேலேயே சம்மணமிடாத குறையாக உட்கார்ந்தார். "மீதிப் பேரையெல்லாம் காட்டும்மா. மெத்தை, போர்வை எல்லாத்துக்கும் இங்கயே பாத்துடறேன்."

மதியம் வரை பார்த்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அத்தானும் நானும் ஒருவரையொருவர் பார்த்துப் பைத்தியம் மாதிரி சிரித்தோம். பிறகு அவர் முகம் சுருங்கியது. "உன் அக்காவுக்குப் புடிக்கலன்னா?"

வீட்டில் அவருக்கு வாயே வரவில்லை. நான்தான் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "துயினியா? இருமல் மருந்து மாதிரி இருக்கு," என்றாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா இன்னொரு துணியை எடுத்தாள். பாதி மடிப்பில் நின்று, விலாவைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தாள். பிறகு வயிற்றைத் தடவியபடி, "துயினி, உதைச்சது போதும்டி," என்றாள்.

அத்தான் முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.