வளைவில் ஒரு தகரக் கோயில்

காலையில் முதல் பேருந்தைத் தவறவிட்டோம். இரண்டாவது, மெட்சோவோ ஊருக்கு ஏறும் மலைப்பாதையில் புகைந்து நின்றது. மூன்றாவதில் நான் ஏறினேன், என் பெட்டி ஏறவில்லை. மலிவு மலிவு என்று தோழி ஆர்கிரோ தேடிப்பிடித்த பயணம் இது!

இந்த ஓட்டுநரோ வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கிலிருந்து கையெடுத்துச் சிலுவை போட்டார். வண்டி கவிழ்ந்த இடங்களில் பிழைத்தவரோ, செத்தவர் வீட்டாரோ வைக்கும் குட்டித் தகரக் கோயில்கள் வழியெல்லாம் இருந்தன. அவற்றுக்குக் கீழே பள்ளம்.

"அண்ணே, கையை எடுக்காதீங்க!" கத்தினேன்.

"சும்மா இருடி, சாமி விஷயம்," என்ற ஆர்கிரோவின் நகம் என் தொடையில் பதிந்தது.

அடுத்த வளைவில் நின்ற கோயிலைக் கண்டதும் மறுபடி கையெடுத்தார்.

"அண்ணே!"

"மத்ததுக்கெல்லாம் வேணா விட்டுடறேம்மா. இதுக்கு முடியாது. இது நான் வெச்சது."