தீவனத்தைச் சுற்றி ஒரு வளையம்

இறால் குளங்களில் தீவனம் அக்காவின் பொறுப்பு, தண்ணீர் தம்பியின் பொறுப்பு. போன வருடம் நோய் வந்து ஒரு குளமே காலியானதிலிருந்து இருவருக்கும் பயம் விடவில்லை. அதனால்தான் அக்கா இந்த முறை நுண்ணுயிர்ப் பொடி வாங்கினாள். குடலில் நல்ல கிருமி குடியேறினால் கெட்டதுக்கு இடமிருக்காது, இறாலுக்கு எதிர்ப்புச் சக்தியும் கூடும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தினமும் தன் கையாலேயே பொடியைக் கரைத்து, தீவனத்தில் பிசறி, நிழலில் உலர்த்தினாள்.

ஒரு மாதமாயிற்று. குளத்தில் இறக்கிவைத்த சோதனைத் தட்டைத் தூக்கினால் பாதித் தீவனம் அப்படியே கிடந்தது. இறாலின் ஓடு அழுத்தினால் அமுங்கியது. கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். பொடியில் குறையே இல்லை என்று அவர் சாதித்தார். பொடியையும் தீவனத்தையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு நடந்தாள்.

நான்காம் நாள் கூடத்தில் பரிசோதித்த பெண்மணி இரண்டு கண்ணாடித் தட்டுகளை வெளிச்சத்தில் காட்டினார். ஒன்றில் பொடியிலிருந்து வளர்ந்த வெள்ளைப் புள்ளிகள் மொய்த்திருந்தன. இன்னொன்றிலும் அதே கிருமிதான். ஆனால் நடுவில் வைத்த தீவன உருண்டையைச் சுற்றி வளையம் போட்டாற்போல் வெற்றிடம்.

“பொடி நல்லாத்தாம்மா இருக்கு. தீவனத்துலதான் யாரோ ஆன்டிபயாடிக் கலந்திருக்காங்க.”

யாரோ என்ன யாரோ. தீவன அறையின் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா?

தம்பி தண்ணீரைக் கடையும் சக்கரத்தில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவன் எதையும் மறைக்கவில்லை. நோய்க்குப் பயந்து, அவள் உலர்த்திவிட்டுப் போனபின் தினமும் கலந்ததாகச் சொன்னான்.

“ஏண்டா, நான் போடுறதே உயிருள்ள கிருமி. அதைக் கொல்ற மருந்தை நீ போட்டா எப்படிடா?”

“கிருமின்னு என்கிட்ட எப்பக்கா சொன்னே? சத்துப் பொடின்னுதானே சொன்னே?”

கிருமி என்றால் சண்டைக்கு வருவான் என்று சத்துப் பொடியாக்கியது அவளேதான். வந்த ஆத்திரத்தைக் கொட்ட இடமில்லை.

மருந்து தங்கிய இறாலை வாங்குகிறவர் தொடமாட்டார். அறுவடைக்குச் சொல்லிவைத்த லாரியை அவளே வேண்டாமென்றாள், வாங்குகிறவரிடம் காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னாள்.

மருந்தை நிறுத்தினார்கள், பொடியைத் தொடர்ந்தார்கள். பெரிய குளத்தில் இறால் மெல்லத் தேறியது, தட்டு காலியாக வரத் தொடங்கியது. சின்னக் குளம் தேறவில்லை. செத்ததை அள்ளிக் குழியில் கொட்டும்போது இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாள் தம்பி பொடிப் பையைக் கொண்டுவந்து, இதில் என்னதான் எழுதியிருக்கிறது என்றான். அவள் எரிச்சலோடுதான் வாசித்துக் காட்டினாள். பாதியிலேயே அவன் புரிந்துவிட்டது என்று தலையாட்டினான். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.