கரண்ட் ஓடாத தட்டு

யுவராணி பெங்களூரு வேலையை உதறிவிட்டு அல்லிநகரத்துக்கு வந்தது இந்தக் கருப்புத் தட்டுக்காகத்தான். பிளாஸ்டிக்கில் கரித்தூளைக் கலந்து சூடாக்கி அழுத்தினால், கரண்ட் ஓடும் தட்டு கிடைக்கும். பெரிய பேட்டரிகளுக்குள் வைக்க அது வேண்டும். தூள் குறைந்தால் கரண்ட் ஓடாது, கூடினால் தட்டு அப்பளமாக நொறுங்கும். சரியான அளவைப் பிடிக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இடமும் மெஷினும் தாய்மாமன் ஈஸ்வரபாண்டியுடையவை. தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் செய்கிற பட்டறை அது.

தட்டைப் பார்க்கக் கோயம்புத்தூர் பேட்டரி கம்பெனியிலிருந்து விஜயகுமார் வந்தார். முந்தின நாள் தானே அழுத்தி வைத்திருந்த தட்டை மாமா பெருமையாக நீட்டினார். விஜயகுமார் மீட்டர் வைத்துப் பார்த்தார். இடம் மாற்றியும் வைத்துப் பார்த்தார். கரண்ட் ஓடவே இல்லை.

"கலவை அளவுல ஏதோ தப்பு நடந்திருக்கும்மா. திருத்திட்டுக் கூப்பிடுங்க, மறுபடி வர்றேன்" என்றார். நல்ல மனிதர்.

"பிள்ள சொன்ன அளவுதான் சார் போட்டோம்" என்றார் மாமா, கொஞ்சமும் கூசாமல்.

யுவராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டைப் புரட்டினாள். ஓரத்தில், சரியாக உருகாத குழாய்த் துண்டு ஒன்று பல்லை இளித்தது. சின்னமனூர் வாழைத் தோட்டங்களிலிருந்து பழசாகித் திரும்பிய குழாய்கள் பட்டறை வாசலில்தான் குவிந்து கிடந்தன.

"பழைய குழாய அரைச்சுப் போட்டீகளா மாமா?"

"ஆமாத்தா. ஒன் தூளு விக்கிற வெலைக்கு வேற என்ன செய்ய? குழாயும் கருப்புத்தான, அதுலயும் கரிதான கெடக்கு. பாதிக்குப் பாதி போட்டேன்."

குழாயில் கரி இருப்பது நிஜம். வெயிலில் வெடிக்காமலிருக்கப் போடுகிற துளிக் கரி. கரண்டுக்கு அது எந்த மூலைக்கு?

"என் அளவுல தப்பில்ல சார். இவுகதான் கலப்படம் பண்ணிட்டாக."

விஜயகுமாரின் முகம் மாறியது. அளவு பிசகினால் திருத்திக்கொள்ளலாம். கலப்படம் செய்கிற பட்டறையை நம்பி யார் பேட்டரி செய்வார்? "பாக்கலாம்மா" என்று எழுந்தவர், வைத்த காபியைத் தொடவில்லை.

கார் போனதும் மாமா சொன்னார்: "நீ சும்மா இருந்திருந்தா இன்னொரு தடவ வந்திருப்பாக. வாயாலயே கெடுத்துட்ட."

அவர் சொன்னது உண்மை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. அளவு சரியானது, அவளுடையது. இனி அதை யாரும் கேட்கப்போவதில்லை.

மாமா அதற்குள் மெஷினைக் குழாய்க்கு மாற்றிவிட்டார். மூலையிலிருந்த கரித்தூள் மூட்டையைக் காலால் நெம்பிப் பார்த்தார்.

"இது சும்மாதான கெடக்கு. குழாய்க்குப் போட்டுறவா? கருப்பு நல்லா ஏறும்."

யுவராணியே மூட்டையின் வாயை அவிழ்த்துக் கொடுத்தாள்.