கீழ்க்காட்டுக்குச் சொல்லாத சேதி

ஆடிச் சாரல் விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அர்த்தனாரி அந்தப் புள்ளிகளைப் பார்த்தான். மக்காச்சோளத்தின் அடி இலைகளில், நீளவாக்கில், இரு முனையும் கூம்பி, சாம்பலும் பழுப்புமாக இருந்தன. புழு கடித்த ஓட்டை ஒன்றுகூட இல்லை. அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மலைமேல் பைல் நாட்டுப் பக்கம் வந்திருந்த வேளாண்மை அலுவலர் இமானுவேலைக் கையோடு கூட்டிவந்து காட்டினான்.

இமானுவேல் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இலைக்கருகல். பூஞ்சாணத்தால வர்றது. போன வருசத்துச் சோளத்தட்டையை எங்க போட்டீங்க?"

அர்த்தனாரி வரப்போரத்தைக் காட்டினான். மாட்டுக்கு ஆகுமென்று குவித்தது, மழையில் ஊறிப் பாதி மக்கிக் கிடந்தது.

"அதுலதான் நோய் தங்கியிருக்கு. அதையும் இந்த அடி இலைகளையும் அப்புறப்படுத்திருங்க. பூஞ்சாண மருந்து எழுதித் தர்றேன், மேல் இலைக்கு ஏறுறதுக்குள்ள தெளிச்சிருங்க. கீழ இருக்கிற காடு யாரோடது?"

"தம்பி சம்சாரம் பாக்கறாளுங்க."

"அவங்களுக்கு இன்னைக்கே சொல்லிருங்க. காத்துலயும் சாரல்லயும் பரவும். இப்பவே பாத்துக்கிட்டா தப்பிச்சிரலாம்."

"சொல்றேனுங்க" என்றான் அர்த்தனாரி.

சொல்லவில்லை. தம்பி சின்னுசாமி போர்வெல் லாரியோடு வடக்கே போய்விட, அத்தாயி ஒருத்தியாகத்தான் கீழ்க்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லையில் நிற்கும் பலா மரம் யாருக்கு என்று போன சித்திரையில் வாய்த்தகராறு வந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

அவன் மருந்து தெளித்த அன்று அத்தாயி கீழே களைக்கொத்தோடு நிமிர்ந்து நின்று பார்த்தாள். இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏனுங்க, அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?" என்றாள் மனைவி கண்ணாயி.

"அவளுக்கு வாயில்லையா? வந்து கேக்கட்டும்."

சில நாள் கழித்து அத்தாயியும் முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு சோளத்துக்குள் போவதைப் பார்த்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள், நல்லதாகப் போயிற்று என்று மனசு லேசானது. அதோடு அந்தப் பேச்சையே மறந்தான்.

ஆவணி முழுக்கப் பனிமூட்டம் விலகவில்லை. மேல்காட்டில் நோய் அடி இலையோடு நின்றுவிட்டது. கீழ்க்காட்டிலோ கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் தோகை எல்லாம் நெருப்பில் வாட்டியதுபோலக் காய்ந்து தொங்கியது. ரோட்டில் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். அதற்குமேல் அர்த்தனாரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வரப்பு தாண்டி இறங்கினான்.

அத்தாயி ஒரு கதிரை உரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் விழுந்த வாய்போல அங்கொன்றும் இங்கொன்றுமாக மணிகள்.

"மருந்து தெளிச்சியே கண்ணு?"

"தெளிச்சேனுங்க மாமா. நீங்க தெளிக்கறதப் பாத்துத்தான் தெளிச்சேன். குருத்துப் புழுவுக்குன்னு நெனச்சுக்கிட்டு, சேந்தமங்கலம் போயிப் புழு மருந்தே கேட்டு வாங்கியாந்தேன்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே" என்று சொல்ல வந்தவன், அந்தச் சொல் தன் வாயில் எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று உணர்ந்து விழுங்கிக்கொண்டான்.

"ஆபீசர் உனக்குச் சொல்லச் சொன்னாரு" என்றான். "அன்னைக்கே சொல்லச் சொன்னாரு. நாந்தான் சொல்லல."

அத்தாயி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தான்.

"சொல்லியிருந்தாலும் அன்னைக்கு இருந்த கோவத்துல நான் கேட்டிருப்பேனோ என்னமோ" என்றாள். கையிலிருந்த கதிரைக் கீழே போட்டுவிட்டு, "ஆனாலும் சொல்லியிருக்கலாமுங்க மாமா" என்றாள்.

அறுப்புக்கு அவனும் கண்ணாயியும் போனார்கள். சாக்கில் கட்ட அதிகம் ஒன்றும் இல்லை. அத்தாயி எதையும் மறுபடி பேசவில்லை. வேலை செய்தவர்களுக்குச் சோறு போட்டாள், இவனுக்கும் போட்டாள்.

ஐப்பசியில் அவள் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வேலைக்குக் கிளம்பினாள். அர்த்தனாரி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை போனான்.

"வாரேனுங்க மாமா" என்றாள்.

"பாத்துப் போ சாமி" என்றான். வழிநெடுக யோசித்து வைத்திருந்ததில் அது மட்டும்தான் வெளியே வந்தது.