குருகு உரித்து வைத்திருந்த முகம்

தேசம்மாவின் முகம் ஏரிக் குருகிடம் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். செத்துப்போகிறவர்கள் முகத்தைக் கையோடு கொண்டுபோக முடியாது. யாரிடமாவது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பிள்ளை பெற்றவர்கள் பிள்ளையிடம் விடுவார்கள். 'அப்படியே ஆத்தாள உரிச்சு வெச்சிருக்குது' என்று ஊரும் சொல்லும். தேசம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அவள் கோரை அறுக்கிற இடத்தில் ஒரு மஞ்சள் குருகு எந்நேரமும் நிற்கும். அதனிடம் விட்டுவிட்டாள்.

அவள் புருஷன் கன்னியப்பனுக்கு இதில் கோபம்தான். கட்டினவன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில் பறவையிடமா கொடுப்பது?

விடிந்தால் அவளுக்குக் காரியம். சுவரில் மாட்டப் படம் இல்லை. உயிரோடு இருந்தவரை கேமராவைக் கண்டால் ஓடிவிடுவாள். ஊர்க் கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் ஓரத்தில் அவளுடைய முழங்கை மட்டும் இருந்தது.

"முழங்கையையே பெருசு பண்ணி மாட்டிடலாம் மாமா," என்றான் அவள் தம்பி ஆதிகேசவன். "நல்லா வுழுந்துருக்குது. வளையல்கூட தெரியுது."

"முழங்கைக்கு எங்கடா பொட்டு வெப்ப?"

ஆதிகேசவன் யோசித்தான். "மடக்குற எடத்துல."

கன்னியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு, குருகைப் படம் பிடிக்கக் கேமரா கேட்டு ஸ்டுடியோவுக்குப் போனார். அவர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. பால்காரன் ஊற்றுகிற பாலை முதலில் பால்காரனையே குடிக்கச் சொல்லுவார். ஸ்டுடியோ லாரன்ஸ் கொடுத்த கேமராவைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே யாரோ இருமினார்கள்.

"உள்ள ஆளுங்க கீறாங்களா?"

"ரெண்டு பேரு இருக்காங்க பெரியவரே. படத்த வாங்கிக்க யாரும் வரல. நகந்து எடம் குடுப்பாங்க."

"அவ அசலூரு ஆம்பள பக்கத்துல ஒக்கார மாட்டா."

"ஒண்ணு பொம்பளதான்."

"அப்பன்னா சரி."

ஏரி வழக்கமான இடத்தில்தான் இருந்தது. ஆதிகேசவனைக் கரையில் உட்காரவைத்துவிட்டுக் கன்னியப்பன் இறங்கினார். தண்ணீர் முட்டிவரை வந்து அங்கேயே நின்றுகொண்டது. கோரை விலகி வழி விட்டது. அவர் உள்ளே போனதும் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

கொஞ்ச தூரத்தில் ஒருவன் தண்ணீருக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தான்.

"குருகு எந்தப் பக்கம்பா?"

"பாத்தா அது கோரையாயிடும். பாக்காத போ."

"பாக்காத எப்படிடா படம் புடிக்கிறது?"

"அதான் ஒருத்தனும் திரும்பி வரல," என்றான் அவன். மறு கன்னத்துக்கு நுரை போட்டுக்கொண்டான்.

பொய் சொல்கிறான் என்று கன்னியப்பனுக்குத் தோன்றியது. அவன் கைகாட்டாத பக்கமாகத் தேடி நடந்தார். அவன் எந்தப் பக்கமும் கைகாட்டவில்லை. அதனால் எல்லாப் பக்கமும் நடக்க வேண்டியிருந்தது.

கேமராவில் கண்ணை வைத்தால் வெறும் கோரை. கண்ணை எடுத்தால் ஓரத்தில் ஏதோ ஒன்று இமைத்தது. திரும்பினால் கோரை. கோரை கோரையாக நிற்பதில் கொஞ்சம் திமிர் இருந்தது.

"மாமா! ஐயரு வந்துட்டாரு!" கரையிலிருந்து ஆதிகேசவன் கத்தினான்.

"இருக்கச் சொல்றா!"

வெயில் அசையவில்லை. மறுபடி குரல் வந்தது. இந்த முறை அது நடுங்கியது. பல் போன வாயிலிருந்து வருகிற குரல்.

"மாமா... எல்லாரும் சாப்ட்டுப் போயிட்டாங்க. முழங்கையயே மாட்டிட்டோம். எல்லாரும் வுழுந்து கும்புட்டாங்க. ஒனக்கு வட எடுத்து வெச்சேன். ஊசிப்போச்சு."

அப்புறம் குரல் வரவில்லை.

கன்னியப்பன் முகத்தில் வைத்த கேமராவை எடுக்காமல் நின்றார். இனி சுவருக்குப் படம் தேவையில்லை. ஆனாலும் அவருக்கு அவள் முகம் வேண்டும். இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றவருக்கு இப்போது நினைத்துப் பார்த்தால் குழம்புச் சட்டிதான் நினைவுக்கு வருகிறது.

அப்போது அது தெரிந்தது. கைக்கெட்டும் தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, கழுத்தை வானத்துக்கு நீட்டி, காற்றடித்தால் கோரையோடு சேர்ந்து ஆடியது.

"தேசம்மா. இப்படித் திரும்பு."

"யாருய்யா அது, கோரைய மெதிக்கிறது?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"கன்னியப்பன்."

"மூஞ்சில பொட்டிய வெச்சினு பேசினா யாருன்னு எப்படித் தெரியும்? எறக்கு."

அவர் கேமராவை இறக்கினார். குருகு திரும்பியது. முகம் உரித்து வைத்தாற்போல் இருந்தது. யாரை என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

அதுவும் அவரை மேலும் கீழும் பார்த்தது.

"இல்ல. அவரு இல்ல."

"நல்லா பாரு."

"பாத்தாச்சு. எங்க ஊட்டுக்காரரு மூஞ்சில எப்பவும் ஒரு சந்தேகம் இருக்கும். ஒங்கிட்ட அது இல்ல."

கன்னியப்பன் முகத்தைத் தடவிப் பார்த்தார். இல்லைதான்.

"அவரு வருவாருன்னுதான் நிக்கிறேன்," என்றது குருகு. "ஒரு தடவ மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடலாம்னு."

"வருவாரா?"

"எங்க? யாரு கூப்ட்டாலும் நம்ப மாட்டாரு."

அது திரும்பவும் கழுத்தை நீட்டியது. அவர் அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் பார்த்து நின்றுகொண்டார். கன்னியப்பன் வருகிறாரா என்று இருவரும் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.