பாலத்தின் அடிப்புறம்

ஹயாத் பாஷாவின் கையிலிருந்து அமிர்தவள்ளி ரம்பத்தை வாங்கினாள். அவர் பிடியை உடனே விடவில்லை.

"அக்கா, நெஜமாவே அறுத்துடலாமா? இன்னொரு வாட்டி யோசிங்க."

"யோசிக்கிறதுக்கா உன்னை ரம்பம் எடுத்தாரச் சொன்னேன்? தள்ளு அந்தாண்ட."

தெருவில் மருத்துவமனை வண்டி நின்றிருந்தது. அதற்குள் அவளுடைய தம்பி ஜோசுவா, வெள்ளைத் துணி போர்த்தியபடி, தன் வீட்டு வாசலிலேயே காத்துக் கிடந்தான். விடியுமுன் வேலூரில் அடங்கிப்போன உயிர். உடல் நெடுஞ்சாலையில் ஒரு தடையுமின்றி ஆம்பூர்வரை வந்துவிட்டது. சொந்த வீட்டுக்குள் நுழையத்தான் வழியில்லை. வாசற்கதவைத் திறந்தால், குறுக்கே, இடுப்பளவு உயரத்தில், ஒரு ரயில் பாலம்.

பொம்மை ரயில் என்றுதான் அவள் சொல்வாள். வேறு பெயர் சொல்லி அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டுவதற்கான வடிவ அட்டைகளைச் செய்யும் பேட்டர்ன் மாஸ்டராக இருந்த தம்பி, முன்னறையின் நான்கு சுவர்களையும் ஒட்டிப் பலகை அடித்து, அதன்மேல் தண்டவாளம் போட்டு, நடுவில் தான் நிற்பதற்கு மட்டும் வெறுந்தரையை விட்டிருந்தான். உள்கதவை ஒரு மலை மறைத்திருந்தது. வாசற்கதவைப் பாலம் மறைத்திருந்தது. வீட்டார் ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய பக்கத்துச் சந்து வழியாகச் சமையலறைக்குள் நுழைந்து பழகிக்கொண்டார்கள். முன்னறைக்குள் போக வேண்டுமென்றால் பாலத்தின் அடியில் தவழ்ந்துதான் போக வேண்டும். அறுபதைத் தாண்டிய பிறகும், மூட்டுவலியோடு, அவன் தவழ்ந்துதான் போனான்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பொறுக்காது. "ஊருக்கே செருப்பு வெட்டிக் குடுத்தவன், சொந்த வீட்டுக்குள்ள நாலு காலுல போறான் பாரு" என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். அவன் அடியிலிருந்தபடியே சிரிப்பான். "குனிஞ்சா ஒண்ணும் கொறைஞ்சி போவ மாட்டேன்க்கா. நீயும் ஒரு தபா வந்து பாரேன்" என்பான். அவள் போனதில்லை. வாசலில் நின்றபடி மேலிருந்து ஒரு பார்வை பார்ப்பாள். தலையை ஆட்டிவிட்டுச் சந்துப்பக்கம் போய்விடுவாள்.

"அத்தை, தெருவுல ஷாமியானா போட்டாச்சு. ஐஸ் பெட்டியை அங்கயே வெச்சுக்கலாமே" என்றான் ஜோசுவாவின் மகன் ஹேமந்த். பெங்களூரிலிருந்து ராத்திரியே ஓடிவந்தவன், கண்கள் சிவந்திருந்தன.

"வாயை மூடுறா."

தையல் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவளின் குரல் அது. அத்தனை தையல் இயந்திரங்களின் இரைச்சலையும் ஒரு காலத்தில் அடக்கிய குரல்.

"உங்க தாத்தாவைத் தெருவுல கெடத்துனோம். தோல் மண்டி லைன் வீட்டுல அவரு நீட்டிப் படுக்க எடம் கெடையாது. பெஞ்சிமேல போட்டு மேல தார்ப்பாய் புடிச்சிக்கினு நின்னோம், நானும் உங்கப்பனும். அன்னிக்குப் பெஞ்ச மழைக்கு அந்தப் பாய் எந்த மூலைக்கு? அவரு மூஞ்சியில தண்ணி சொட்டிக்கினே இருந்துச்சு. நான் தொடைக்கிறேன், அது சொட்டுது." அவள் ரம்பத்தை நிலைப்படியின்மேல் வைத்தாள். "இந்த வீட்டுக்குக் கடைக்கால் எடுத்தப்ப உங்கப்பன் இன்னா சொன்னான் தெரியுமா? அக்கா, நம்ம வீட்டுச் சாவு இனிமே வீட்டுக்குள்ளதான்னான். அவன் சொன்னதை அவனுக்கே செய்யாம வுட்டுடுவனா நான்?"

ஷாமியானாவின் கீழ், நெகிழி நாற்காலியில், ஜோசுவாவின் மனைவி பிரிசில்லா எதையும் கேளாதவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

எங்கே அறுப்பது என்று பார்ப்பதற்காக அமிர்தவள்ளி நிலைப்படியில் மெல்ல மண்டியிட்டாள். பாலம் அவள் கண்ணுக்கு நேராக வந்தது.

இரும்பு என்றே முதலில் நினைத்தாள். விரலால் தொட்ட பிறகுதான் அட்டை என்று தெரிந்தது. சட்டங்களின் ஓரம் நெடுகிலும் கடுகைவிடச் சிறிய குமிழாணிகள் வரிசையாக ஓடின. ஒவ்வொன்றும் பின்பக்கமிருந்து ஊசியால் அழுத்தி எழுப்பியது. தையல் பிரிவில் அவள் தடவிப் பார்த்த காலணிகளுக்குக் கணக்கில்லை. ஓர் இழை விலகியிருந்தாலும் விரல் நின்றுவிடும். இப்போதும் அவள் விரல் ஆணி வரிசையின்மேல் போயிற்று. எங்காவது கோணியிருக்கும், எங்காவது அலுத்துப்போயிருப்பான், எங்காவது 'போதும், யார் பார்க்கப்போகிறார்கள்' என்று விட்டிருப்பான் என்று தேடிக்கொண்டே போயிற்று. ஓரிடத்திலும் நிற்கவில்லை.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

மேலிருந்து பார்த்தபோதெல்லாம் அது பலகைமேல் பரப்பிவைத்த பொம்மைக் கூட்டமாகத்தான் இருந்தது. இப்போது அவள் பாலாற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே மணல் விரிந்து கிடந்தது. ஆற்றிலிருந்தே அள்ளி, மாவு சலிப்பதுபோல் சலித்த மணல். அதன் நடுவே, வெள்ளம் வந்த வருடத்துக்குப் பிறகு கண்ணாடிபோன்ற பசையால் அவன் புதிதாக ஊற்றியிருந்த தண்ணீர் மினுங்கியது. அப்பால் ஆம்பூர். ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை. பிரியாணிக் கடை வாசலில் கரிபிடித்த அண்டா. அதன் மூடிமேல் வைத்த கனல்கூட விடுபடவில்லை. தோல் மண்டி முற்றத்தில் சட்டங்களில் இழுத்துக் கட்டிய தோல்கள் வெயிலில் காய்ந்தன. அவை உண்மைத் தோல். நகக்கண்ணளவு சீவி, நான்கு மூலையிலும் நூலால் இழுத்துக் கட்டியவை. அதற்குப் பின்னால் ஜவ்வாது மலை, ஒன்றன்பின் ஒன்றாக நீலம் வெளுத்துக்கொண்டே போய், சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாதபடி வானத்தில் கரைந்துபோயிற்று. கடுக்காய்ச் சாறும் பதனிட்ட தோலும் கலந்த வாசனை, அவள் சிறுவயது முழுவதும் அப்பாவின் சட்டையில் இருந்த வாசனை, தோல் துண்டுகளை ஒட்டிச் செய்த அந்த மலையிலிருந்து வந்தது.

"இந்தப் புல்லு..." என்றாள் அவள், தனக்குள் பேசுவதுபோல்.

"ஆட்டு முடிதான்க்கா." ஹயாத் பாஷா குனிந்து அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். தோல் வியாபாரி, ஜோசுவாவின் பள்ளிக்கூட நாளைய தோஸ்த். "ஒருநாள் மண்டிக்கு வந்து ஆட்டு முடி வோணும்னான். எதுக்குடா, தலையில நட்டுக்கப் போறியான்னேன். ஆத்தோரமா நடணும்டா, மழை வர்றதுக்குள்ள நட்டாத்தான் புடிக்கும்னான். நெஜமாவே மழை வந்தா மொளைக்கும்னு நெனைச்சவன் மாதிரியே பேசுவான், படுபாவி." சிரிக்கத் தொடங்கியவர் முகத்தைத் திருப்பித் தோள் துண்டால் அழுத்திக்கொண்டார்.

அமிர்தவள்ளியின் மடியில் ரம்பம் கிடந்தது. அதைப் பார்த்தாள். தெருவில் நின்ற வண்டியைப் பார்த்தாள். தம்பியைத் தெருவில் விடுவதா, தம்பி செய்ததை அறுப்பதா? கொஞ்ச நேரத்துக்கு முன் இதில் கேள்வியே இருக்கவில்லை.

"அண்ணி."

பிரிசில்லா எப்போது எழுந்து வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"அறுக்க வேணாம் அண்ணி. அது கழண்டு வரும்."

"இன்னா?"

"ரெண்டு பக்கமும் கொண்டி இருக்குது. தூக்குனா வந்துடும்."

அமிர்தவள்ளி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "கழண்டு வருமா? அப்புறம் எதுக்கு அவன் இத்தினி வருஷமா முட்டியைத் தேய்ச்சிக்கினு போனான்?"

"பாலத்தைக் கழட்டுனா வண்டி நின்னுடும் அண்ணி. ரெண்டு பக்கமும் செவப்பு சிக்னல் வுழுந்துடும், கரென்ட்டு அங்கயே கட்டாயிடும். ஓடுற வண்டியை எனக்கோசரம் நிறுத்தறதான்னு கேப்பார். குனிஞ்சே போவார், குனிஞ்சே வருவார்." அவள் குனிந்து கொண்டியைக் காட்டினாள். "எனக்கும் சாப்பாட்டுத் தட்டோட குனிஞ்சு குனிஞ்சு பழகிப்போச்சு."

கொண்டிகள் வழுக்கிக்கொண்டு விலகின. பாலத்தை அமிர்தவள்ளியே தூக்கினாள். கைக்குழந்தையின் கனம்கூட இல்லை. அடிப்பக்கத்தைத் தாங்கிய விரல்களில் ஏதோ சொரசொரவென்று, பருப் பருவாக, நெருடியது. பசை வடிந்து காய்ந்திருக்கும் என்று நினைத்தாள். கடைசியில் ஓர் இடத்தில் பிசகிவிட்டான். அடியில்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்? ஏனோ அது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

ஜோசுவா வாசல் வழியாகவே தன் வீட்டுக்குள் போனான். அவன் நாளெல்லாம் நின்ற வெறுந்தரையில் குளிர்பெட்டியை இறக்கி, அதற்குள் அவனைக் கிடத்தினார்கள். சுற்றிலும் அவனுடைய ஊர்.

"பிளக்கு எங்க இருக்குது தம்பி?" என்று கேட்டார் பெட்டி கொண்டுவந்தவர்.

அந்த அறையில் மின்பலகை ஒன்றுதான், ரயிலுக்கும் அதுதான். ஹேமந்த் பெட்டியின் வடத்தைச் செருகித் தலைமைச் சுவிட்சைப் போட்டான்.

குளிர்பெட்டி உறுமத் தொடங்கியது. அதோடு ஆம்பூரும் விழித்துக்கொண்டது. நிலையத்தில் விளக்கெரிந்தது. பிரியாணிக் கடையில் எரிந்தது. மலையடிவாரத்து வீடுகளில் ஒவ்வொன்றாக எரிந்தது. அடுத்த நிலையமான விண்ணமங்கலம் தாண்டிய வளைவில், அப்படியே நின்றிருந்த ஒரு பயணிகள் ரயில், யாரும் தொடாமல், தானாகப் புறப்பட்டது.

யாரோ ஒரு பெண், "கர்த்தாவே" என்றாள்.

"அப்பா ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ஓடிக்கினு இருந்துச்சாம்" என்றான் ஹேமந்த். சுவிட்ச்மேல் வைத்த கையை அவன் எடுக்கவில்லை. "சுவிட்சை மட்டும் அமத்து, மத்தத நான் வந்து பாத்துக்கறேன்னு அம்மாகிட்ட சொன்னாராம்."

ரயில் தோல் மண்டியைக் கடந்தது; நிலையத்தைக் கடந்தது; படுத்திருந்தவனின் தலைமாட்டைச் சுற்றிக்கொண்டு ஆற்றை நோக்கி வந்தது. வாசலில் பாலம் இல்லை. அமிர்தவள்ளி தன்னை மறந்து கையை நீட்டினாள். கரையோரத்தில் குன்றிமணியளவு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரயில் அதன்முன் வந்து, பணிவாக, நின்றது.

நண்பகல்முதல் ஊர் வந்தது. தொழிற்சாலை ஆட்கள், சபையார், மண்டித் தெரு முஸ்லிம் பெண்கள். வந்தவர்கள் முதலில் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு சுற்றிலும் பார்த்தார்கள். பிறகு செருப்பைக் கழற்றாமல் வந்தவர்கள் திரும்பிப்போய்க் கழற்றிவிட்டு வந்தார்கள். ஒப்பாரிகூட அந்த அறைக்குள் குரல் தாழ்ந்தே ஒலித்தது. போதகர் ஜெபம் செய்ய நின்றவர், அதைத் தொடங்காமல் வெகுநேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அமிர்தவள்ளி பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். பாலம் அவள் மடியில் இருந்தது. கீழே வைத்தால் மிதித்துவிடுவார்கள். "குடுங்க அத்தை, மாடியில வெக்கிறேன்" என்று ஹேமந்த் கேட்டதற்கும் அவள் கொடுக்கவில்லை.

வெயில் சாய்ந்ததும் ஜோசுவாவைச் சவப்பெட்டிக்கு மாற்றித் தோளில் தூக்கினார்கள். வந்த வாசல் வழியாகவே அவன் வெளியேறினான். குளிர்பெட்டியையும் எடுத்துப் போனார்கள். அறை ஒரே மூச்சில் காலியாயிற்று. சுவிட்சை அணைக்கும் நினைவு யாருக்கும் வரவில்லை.

அமிர்தவள்ளி எழுந்தாள். வாசலை நோக்கி நடந்தவள், கையில் பாலம் இருப்பதைக் கண்டாள். எடுத்தது எங்கேயோ அங்கே வைத்துவிட்டுத்தானே போக வேண்டும்? நின்ற இடத்திலிருந்தே அதை இறக்கினாள். கொண்டிகள் தாமாகவே வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தன.

சிவப்பு அணைந்தது. பச்சை எரிந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் உள்ளே இருந்தாள்; வாசல் பாலத்துக்கு அப்பால் இருந்தது. திரும்பத் தூக்கக் கை வைத்தாள். அதற்குள் கரையில் காத்திருந்த ரயில் மெல்ல அசைந்து புறப்பட்டிருந்தது.

"அண்ணி, வாங்க. பெட்டியை வண்டியில ஏத்தியாச்சு, உங்களுக்கோசரம்தான் நிக்கிறாங்க" என்று தெருவிலிருந்து பிரிசில்லா அழைத்தாள்.

"தோ வர்றேன்."

அவள் பாலத்திலிருந்து கையை எடுத்தாள். வெள்ளைப் புடவையின் முன்மடிப்பைச் சேர்த்து இடுப்பில் செருகினாள். ஒரு கையைத் தரையில் ஊன்றினாள், பிறகு மற்றதை. முட்டிகள் முனகின. நிலைப்படிக்குமேல், பாலத்துக்கு அடியில், அவள் தலையை நுழைத்தபோது தலைக்குமேல் தடதடவென்று ரயில் ஏறியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் விரலில் நெருடிய அதே இடத்தில், சட்டங்களுக்கிடையே, வரிசையாக, குருவிக் கூடுகள். ஆற்றுப்பாலங்களின் அடியில் களிமண்ணை உருட்டி உருட்டி ஒட்டுமே, அந்தக் குருவிகளின் கூடுகள்; தோல்தூளைப் பசையில் குழைத்து, அரிசிமுனையளவு உருண்டைகளாக ஒட்டியிருந்தான். ஒரு கூட்டின் வாயில், தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு குருவி இருந்தது. அதற்குக் கண்ணும் வைத்திருந்தான்.

ரயில் முழுவதும் கடந்து போகும்வரை அவள் அங்கேயே, அந்த நான்கு காலிலேயே, இருந்தாள்.