நேர்காணலின் கடைசிக் கால்பங்கு

எங்கள் வீட்டில் இணைய இணைப்பு ஒன்று, கணினிகள் நான்கு. அதனால் வருவதெல்லாம் நான்காகப் பிரிந்துதான் வரும். யாராவது ஒரு வாக்கியம் பேசினால், முதல் கால்பங்கு சமையலறையில் என் மனைவி செண்பகத்தின் கணினியில் கேட்கும். இரண்டாவது கூடத்தில் மகள் நிறைமதிக்கு. மூன்றாவது பின்னறையில் மைத்துனன் துரைக்கண்ணுவுக்கு. கடைசிக் கால்பங்கு பால்கனி ஓரம் உட்காரும் எனக்கு. நாங்கள் அனுப்புவதும் இதே வரிசையில்தான் போகும்.

மற்ற மூன்றையும் அணைத்துவிட்டால் முழுவதும் ஒன்றுக்கே வந்துவிடாது. மிச்சமுள்ள முக்கால் பங்கு மாடிப்படியில் போய்க் கிடக்கும். போன வருடம் கீழ்வீட்டு ராஜாமணி அதில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டார்.

நிறைமதி இரண்டு நேர்காணல்களில் தேறவில்லை. இரண்டுக்கும் நான்தான் காரணம். எதைச் சொன்னாலும் முடிவில் ஒரு சந்தேகத்தைச் சேர்ப்பது என் வழக்கம். ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது என்ன என்று அடிக்கடி கேட்டுக்கொள்கிறேன். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு பதிலும் என் கால்பங்கில்தான் முடிகிறது.

மூன்றாவது நேர்காணல் இங்கே கோவையிலேயே ஒரு பம்புசெட் கம்பெனிக்கு. இருபத்தெட்டு வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அவளுக்கு அடுத்த மாதம் இருபத்தெட்டு முடிகிறது. பத்து நாள் ஒத்திகை பார்த்தோம்.

"அப்பா, பம்பு ஓடலைன்னா என்ன செய்வீங்கன்னு கேப்பாங்க. நீங்க 'சரிசெய்வேன்'னு சொல்லணும். அவ்வளவுதான்."

"சரிசெய்வேன்" என்றேன். "முடிந்தால்."

"ஐயோ, அந்த 'முடிந்தால்' யாரு கேட்டா?"

பின்னறையிலிருந்து துரைக்கண்ணு, "மச்சான் தாலி கட்டிட்டே 'கட்டிட்டேன்னு நினைக்கிறேன்'னு சொன்னவராச்சே" என்றான்.

"அதுல தப்பென்னடா? மூணாவது முடிச்சு நாத்தனார் போட்டதுதானே" என்றாள் செண்பகம்.

நான் விடவில்லை. தினமும் மதியம் மொட்டைமாடிக்குப் போனேன். இது தொட்டி, இது சுவர் என்று உரக்கச் சொல்லிப் பழகினேன். பத்தாம் நாள், தொட்டியைத் தொட்டி என்று சொல்லி அத்தோடு நிறுத்த முடிந்தது.

நேர்காணல் காலை பதினொரு மணிக்கு. கேட்டவர் ஒரு பெண் அதிகாரி. கேள்வியில் அவரவருக்கு வந்ததை மைக்கை மூடிக்கொண்டு கத்தினோம். நிறைமதி அதைச் சேர்த்துப் பார்த்துப் பதிலை நான்காகப் பிரித்துத் திருப்பிக் கத்தினாள். பம்பு ஓடாதது பற்றிய கேள்வி நல்லபடியாகக் கடந்தது. கடைசிக் கேள்வி வந்தது.

"மேலாளர் இல்லாதபோது" என்று செண்பகம் கத்தினாள்.

"நெருக்கடி வந்தால்" என்றாள் நிறைமதி.

"தனியாக முடிவு" என்றான் துரைக்கண்ணு.

எனக்கு வந்தது, "எடுப்பீர்களா?"

பதில் போகத் தொடங்கியது. செண்பகம் குக்கரை இறக்கி வைத்துவிட்டு, "யாரையும்" என்றாள். நிறைமதி "எதிர்பார்க்காமல்" என்றாள். துரைக்கண்ணு "நானே முடிவு" என்றான்.

"எடுப்பேன்" என்றேன்.

வழக்கமான 'முடிந்தால்' தொண்டைவரை வந்து நின்றது. ஒரு பெண் தனியாக முடிவெடுப்பாள் என்று நான்கு பேர் சேர்ந்து சொல்வது சரியா என்ற கேள்வியும் கூடவே வந்தது. பால்கனிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த அதிகாரி சொன்ன நன்றியின் கடைசிக் கால்பங்கு வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை.

நான்கு நாள் கழித்து நியமன ஆணை வந்தது. நான்கு துண்டுகளையும் கோந்து வைத்து ஒட்டினோம். வேலை நிறைமதிக்குத்தான். நேர்காணலின்போது எடுத்த படத்தைப் போட்டிருந்தார்கள். படமும் எங்கள் வரிசையில்தான் போயிருந்தது. நெற்றி செண்பகத்துடையது, கண்கள் நிறைமதியுடையவை, மூக்கு துரைக்கண்ணுவுடையது, மோவாய் என்னுடையது. இந்த முகத்தோடு வருபவரை மட்டுமே வாயிலில் அனுமதிப்போம் என்று கீழே எழுதியிருந்தது.

திங்கட்கிழமை காலை, கம்பெனி பஸ் வரும் நேரம், நிறைமதி டிபன் பையைத் திறந்து நீட்டினாள். செண்பகம் நெற்றியைக் குங்குமத்தோடேயே எடுத்து வைத்தாள்.

"ஜலதோஷம் இருக்கு, பாத்துக்க பாப்பா" என்று மூக்கைக் கொடுத்தான் துரைக்கண்ணு.

நான் மோவாயை விடிந்ததுமே மழுங்கச் சவரம் செய்து வைத்திருந்தேன். அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றித் தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஆறரைக்குக் கொண்டுவந்துடறேன்பா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பஸ் போனதும் செண்பகம் இட்லி வைத்தாள். சட்னி நேராகச் சட்டையில் விழுந்தது. கழுத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு கேட்டேன்.